உங்கள் இரண்டாவது தேர்வு யார்? அயோவா காக்கஸ் நடந்த விதம்

[திரையில்: அமெரிக்க வரைபடம். நடுவில் அயோவா மட்டும் நிறம் மாறுகிறது.]

வணக்கம். அமெரிக்க அதிபர் தேர்தல் என்றதும் நவம்பர் மாத வாக்குப்பதிவுதான் நம் நினைவுக்கு வரும். அந்த நவம்பரில் நிற்கப்போவது யார் என்பது அதற்குப் பல மாதங்கள் முன்பே, கட்சிகளுக்குள் நடக்கும் தேர்வில் முடிவாகிவிடுகிறது. வேட்பாளர்களை மக்கள் நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பதும் அப்போதுதான்.

1972 முதல் அந்தத் தேர்வைத் தொடங்கி வைத்த மாநிலம் அயோவா. சுமார் 32 லட்சம் பேர் வாழும் விவசாய மாநிலம். இங்கே ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த முறைக்குக் காக்கஸ் என்று பெயர். இதில் வாக்குப்பெட்டி கிடையாது, மறைப்புத் தட்டியும் கிடையாது. குளிர்கால இரவு 7 மணிக்கு, பள்ளி விளையாட்டுக் கூடத்திலோ தேவாலயத்திலோ ஊர்க்காரர்கள் கூடுவார்கள். பிறகு அவரவர் தமக்குப் பிடித்த வேட்பாளரின் பக்கம் போய் நிற்க வேண்டும். அத்தனை பேர் பார்க்க.

[திரையில்: ஒரு கூடத்தின் மேல்பார்வைப் படம். நூறு புள்ளிகள் ஐந்து கும்பல்களாகப் பிரிகின்றன.]

ஒரு கூடத்தில் நூறு பேர் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து வேட்பாளர்கள். முதல் வேட்பாளர் பக்கம் 38 பேர், இரண்டாமவருக்கு 30, மூன்றாமவருக்கு 14, நான்காமவருக்கு 11, ஐந்தாமவருக்கு 7. இப்போது விதி ஒன்று குறுக்கே வருகிறது. பெரும்பாலான இடங்களில், வந்தவர்களில் 15 சதவீதம் பேராவது பக்கத்தில் நின்றால்தான் அந்த வேட்பாளர் கணக்கில் சேருவார். மூன்றாமவருக்கு ஒரே ஒரு ஆள் குறைகிறது!

சரி, இப்போது என்ன நடக்கும்? பேச்சு தொடங்கும். 14 பேர் கூட்டத்திலிருந்து ஒருவர் அந்த 7 பேரிடம் போவார். "உங்கள் ஆள் இன்றைக்குத் தேறமாட்டார். மருத்துவக் காப்பீட்டில் எங்கள் ஆளும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார், இந்தப் பக்கம் வாருங்கள்" என்பார். அதே நேரத்தில் நான்காமவரின் 11 பேரும் அந்த 7 பேரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் 18, தாராளமாகத் தேறிவிடலாம். 38 பேர் வைத்திருக்கும் பெரிய கும்பலும் சும்மா இருக்காது. யார் பக்கமும் போகப் பிடிக்காதவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

இந்த முறையில் என்னைக் கவர்ந்த இடம் இதுதான். சாதாரணத் தேர்தல் நம்மிடம் ஒரே ஒரு பெயரைத்தான் கேட்கிறது. காக்கஸ் இன்னொன்றையும் கேட்டது: உங்கள் ஆள் இல்லையென்றால் யார்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், பிடிக்காத வேட்பாளர் என்ன சொல்கிறார் என்பதையும் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். எது விட்டுக்கொடுக்கக்கூடியது, எது முடியாதது என்று மனதுக்குள் ஒரு வரிசை போட்டிருக்க வேண்டும். வேட்பாளர்களுக்கும் இது ஒரு கடிவாளம். போட்டியாளரைக் கண்டபடி திட்டினால் அவருடைய ஆதரவாளர்கள் இரண்டாவது சுற்றில் உங்கள் பக்கம் வரமாட்டார்கள்.

[திரையில்: அயோவாவின் 99 மாவட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

எடைபோட அவகாசமும் நிறையக் கிடைத்தது. அயோவாவில் 99 மாவட்டங்கள். அந்த மாநிலத்தின் செனட்டர் சக் கிராஸ்லி ஆண்டுதோறும் அத்தனைக்கும் போய்வருவார் என்பதால், எல்லா மாவட்டங்களையும் சுற்றி முடிப்பதற்கு ‘முழு கிராஸ்லி’ என்றே அங்கே பெயர். ஆகஸ்ட் மாதம் டி மொயின் நகரில் நடக்கும் மாநிலக் கண்காட்சிக்கு வேட்பாளர்கள் வந்து, வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே நின்று பேசுவார்கள். எதிரே நிற்பவர் எத்தனால் விலையைப் பற்றிக் கேட்பார். பதில் பிடிக்கவில்லையென்றால் மறுபடியும் கேட்பார்.

1976-ல் ஜிம்மி கார்ட்டரை நாட்டில் பலருக்குத் தெரியாது. அவர் அயோவாவில் ஆதரவாளர்களின் வீடுகளிலேயே தங்கி ஊர் ஊராகப் போனார். அந்த ஆண்டு காக்கஸில் முதலிடம் யாருக்குத் தெரியுமா? ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்ற பிரிவுக்கு, சுமார் 37 சதவீதம். கார்ட்டருக்கு 28 தான். ஆனாலும் மற்ற வேட்பாளர்கள் எல்லாரையும் அவர் முந்தியிருந்தார். அந்தச் செய்தியே அவரை நாடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2008 ஜனவரி 3 அன்று பராக் ஒபாமா ஹிலரி கிளின்டனை இங்கே தோற்கடித்தார். அன்று சுமார் 2,40,000 ஜனநாயகக் கட்சியினர் வந்திருந்தார்கள், 2004-ல் வந்ததைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெள்ளையர்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு மாநிலம் ஒரு கறுப்பினத்தவரை ஏற்றுக்கொள்ளுமா என்ற கேள்விக்கு அன்றிரவே பதில் கிடைத்தது. ஒரு சதவீதத்துக்கும் குறைவாக வாங்கிய ஜோ பைடன் அதே இரவில் போட்டியிலிருந்து விலகினார்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இதன் குறையைச் சொல்லாமல் விட முடியாது. அது சின்னக் குறையும் இல்லை.

இரவு 7 மணிக்கு மருத்துவமனையில் பணியில் இருக்கும் செவிலியரால் அந்தக் கூடத்துக்கு வர முடியாது. கைக்குழந்தையுடன் தனியாக இருக்கும் தாய்க்கு அது பெரும்பாடு. நடக்க முடியாத முதியவருக்கும் அப்படித்தான். நேரில் வராதவருக்கு வாக்கே இல்லை என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. வந்தவர்களுக்கும் முழுச் சுதந்திரம் இருந்ததா? வேலை கொடுத்த முதலாளி ஒரு மூலையில் நின்றால், எதிர் மூலைக்குப் போக எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ரகசிய வாக்கு என்பது மனிதர்கள் போராடிப் பெற்ற பாதுகாப்பு. அதைக் கைவிட்டுத்தான் இரண்டாவது தேர்வைச் சொல்ல முடியும் என்றால், அந்த விலையை நான் கொடுக்கச் சொல்ல மாட்டேன். குடியரசுக் கட்சியினர் அதே அயோவாவில் காக்கஸில் பேச்சுகளைக் கேட்டுவிட்டு ரகசியமாகச் சீட்டில் எழுதித்தான் போட்டார்கள். ஆனால் அவர்களுக்கு அந்த இரண்டாவது சுற்று கிடையாது.

[திரையில்: கைபேசிச் செயலி ஒன்று. சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்.]

2020 பிப்ரவரி 3 அன்று, ஜனநாயகக் கட்சியின் காக்கஸில் எல்லாம் குலைந்தது. முடிவுகளை அனுப்புவதற்கென்று செய்த செயலி ஒழுங்காக வேலை செய்யவில்லை, மாற்றாக வைத்த தொலைபேசி இணைப்புகளும் நெரிசலில் திணறின. முடிவு தெரியவே நாட்கணக்கானது. கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளின் கணக்கில் பீட் பூட்டிஜெஜ் மயிரிழையில் முந்தினார். வந்தவர்களின் எண்ணிக்கையில் பெர்னி சாண்டர்ஸ் முந்தினார். 2024-ல் ஜனநாயகக் கட்சி தொடக்க இடத்தைத் தெற்கு கரோலினாவுக்குக் கொடுத்துவிட்டது. அயோவாவின் ஜனநாயகக் கட்சியினர் அந்த முறை அஞ்சலில் வாக்களித்தார்கள், முடிவு மார்ச் 5 அன்றுதான் வந்தது.

குடியரசுக் கட்சி மட்டும் 2024 ஜனவரி 15 அன்று, கடுங்குளிரில் காக்கஸ் நடத்தியது. ரான் டிசாண்டிஸ் 99 மாவட்டங்களுக்கும் போயிருந்தார். தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பத்திலிருந்து வந்த விவேக் ராமசாமி இரண்டு முறை முழுச் சுற்று போனார். அவர்களைவிட மிகக் குறைவாகவே அங்கு வந்த டொனால்ட் டிரம்ப் 51 சதவீதம் வாங்கினார். ராமசாமிக்குக் கிடைத்தது 8 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.

அப்புறம், அந்த இரண்டாவது தேர்வு? அது வேறு வடிவில் பிழைத்திருக்கிறது. மெய்ன் மாநில மக்கள் 2016-ல் ஒரு வாக்கெடுப்பில் புது முறைக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். வாக்குச்சீட்டிலேயே முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். அதிபர் தேர்தலில் மெய்ன் இதை 2020-ல் முதன்முதலாகப் பயன்படுத்தியது, 2024-ல் அலாஸ்காவும் சேர்ந்துகொண்டது. அங்கே அடுத்த விருப்பத்தை எழுதும் செவிலியர் இரவுப் பணிக்கு முன்பே வாக்களித்துவிட்டுப் போகலாம். அவர் யாருக்குப் போட்டார் என்பது அவருடைய முதலாளிக்குத் தெரியாது.