கூடவே வராத சுண்ணாம்பு

(தக்கலை அருகே ஓர் ஊர் வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மெக்சிகோவில் வேலை பார்க்கிறவன் லீவுக்கு ஊருக்கு வந்தும் மெக்சிகோ சாப்பாட்டைத் தேடுகிறானாம் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு. உண்மைதான். மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் எனக்கு உயிர். ஆனாலும் இந்தத் தடவை அம்மாவின் அடுக்களையில் ஆசைப்பட்டுச் செய்து சாப்பிட்டது மீன் டாக்கோ. அதைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் தலைவர் அண்ணாச்சி என்னை அழைத்திருக்கிறார்.

நான் இருப்பது என்செனாதா. பசிபிக் கரையில் ஒரு துறைமுகம், மீன் டாக்கோவுக்குப் பேர்போன ஊர். மாவில் தோய்த்துப் பொரித்த மீன், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், தக்காளியும் மிளகாயும் சேர்ந்த சட்னி, மேலே எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் தோர்த்தியா என்ற மக்காச்சோள ரொட்டியில் வைத்து மடித்து, நின்றபடியே சாப்பிடுவார்கள்.

இதற்காகப் பெட்டியில் எதையும் கட்டிக்கொண்டு வரவில்லை. பாறைமீன் குளச்சலில் கிடைத்தது. காரத்துக்கு வீட்டுக் காந்தாரி. மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலில் 16ஆம் நூற்றாண்டில் நம்மிடம் வந்ததுதானே. தக்காளி, பப்பாளி, சப்போட்டா எல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்குதான். இது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், அதனால் நீட்டவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு விதை கப்பலேறும்போது அதைப் பக்குவம் பண்ணத் தெரிந்த கையும் கூடப் போகிறதா என்பதுதான் கேள்வி. மெக்சிகோவில் கொலிமா என்று ஒரு மாநிலம். அங்கே தென்னையில் பாளையைக் கட்டி, சீவி, கள் இறக்குகிறார்கள். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அதில் போன பிலிப்பைன்ஸ்காரர்கள் கற்றுக்கொடுத்த தொழில் அது. தென்னையோடு ஏறத் தெரிந்தவனும் போனான். அக்கானி (பதநீர்) இறக்கிப் பழகிய நம்ம ஊர்க்காரர் ஒருவரைக் கொண்டுபோய் அந்த மரத்தடியில் நிறுத்தினால், யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

மக்காச்சோளத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மெக்சிகோப் பெண்கள் சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. காய்ந்த மணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் கழுவி அரைப்பார்கள். 3000 வருஷத்துக்கும் மேற்பட்ட பழக்கம் இது. சுண்ணாம்பு பட்டால் மேல்தோல் கழன்றுவிடும், மாவு பசைபிடித்து ரொட்டியாகத் திரளும். அதைவிட முக்கியம், சோளத்துக்குள் கட்டுண்டு கிடக்கிற நியாசின் என்ற வைட்டமின் சத்து விடுபட்டு உடம்பில் சேரும்.

கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, சுண்ணாம்பு போகவில்லை. சோளமே கதி என்று இருந்த ஏழைகளுக்குத் தோல் கறுத்து உரிந்தது, வயிற்றுப்போக்கு வந்தது, புத்தி பேதலித்தது. 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் இதைக் குறித்து வைத்தார். பெலாக்ரா என்று பெயர். இத்தாலியில் கிராமம் கிராமமாகப் பரவியது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் கொத்துக்கொத்தாக ஆட்கள் செத்தார்கள். தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். சாப்பாட்டுக் குறைதான் காரணம் என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அமெரிக்க மருத்துவர் பாடுபட்டுக் காட்டினார். குறைந்தது நியாசின் என்று 1937இல்தான் தெளிவானது. பெயர் தெரியாத அந்த மெக்சிகோப் பெண்களின் கைப்பக்குவத்தை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அத்தனை பேர் சாக வேண்டியதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை.

நம்ம குமரி மாவட்டத்துக்கு வருகிறேன். மரச்சீனியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா அதைத் திருவிதாங்கூரில் பரப்பினார். 1956 வரை நாமும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்றுதானே இருந்தோம். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது நம் தாத்தா பாட்டிமாரைக் காப்பாற்றியது அந்தக் கிழங்கு. அதில் சயனைடாக மாறுகிற விஷம் உண்டு. ஆனால் இங்கே எந்த அம்மாவும் கிழங்கு வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டாமல் இருக்கமாட்டாள். கிழங்கோடு பக்குவமும் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதனால்தான் கேட்கிறேன், தோர்த்தியா என்று கடையில் விற்கிற மைதா ரொட்டிப் பாக்கெட்டோடு ஏன் நிற்க வேண்டும்? மைதா ரொட்டியும் மெக்சிகோவின் வடக்கே உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் சோளத்தின் அறிவு அதில் இல்லை.

வீட்டில் செய்தது இப்படி. தூத்துக்குடிப் பக்கத்துக் காய்ந்த மக்காச்சோளம் ஒரு கிலோ, வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு பத்து கிராம் அளவு, மூன்று லிட்டர் தண்ணீர். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். வெந்து ஊறியதும் தண்ணீரே மஞ்சளாகிவிட்டது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. நாலைந்து தண்ணீரில் அலசி எடுத்தோம். அம்மாதான் அம்மியில் அரைத்தாள். மெக்சிகோவில் அரைக்கிற கல்லுக்கு மூன்று கால் உண்டு, சாய்ந்திருக்கும், முட்டிபோட்டு அரைப்பார்கள். மழை விழுந்த மண் மாதிரி ஒரு வாசனை எழுந்தது. உருண்டையை இரண்டு வாழையிலைத் துண்டுக்கு நடுவே வைத்துத் தட்டி, எண்ணெய் தொடாமல் காய்ந்த தோசைக்கல்லில் போட்டோம். திருப்பிப் போட்டதும் நடுவில் உப்பியது. அம்மா முதல் ரொட்டியில் மீனே வைக்கவில்லை, உப்புத் தொட்டுத் தின்றாள். “இதுக்குச் சாளைக்கறிதாம்லே சேரும்” என்றாள். அப்புறம் அதையும் வைத்துச் சாப்பிட்டோம், பிரமாதம்.

சரி, பேச்சு போதும். நேற்று ராத்திரி ஊறப்போட்ட சோளம் பின்பக்கத் திண்ணையில் வாளியில் இருக்கிறது. அம்மியும் கழுவி வைத்திருக்கிறது. அரைத்துப் பார்க்க விருப்பமுள்ளவர்கள் கையைக் கழுவிவிட்டு வாருங்கள், பிள்ளைகளும்தான்.