நர்சரியும் நாற்றங்காலும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். 'நர்சரிக்குப் போய்வருகிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் ரோஜாச் செடி வாங்கப் போகிறாரா, பேத்தியைப் பள்ளியில் விடப் போகிறாரா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையொன்றே இச்சொல்லின் வேர். அதிலிருந்து, பிறர் குழந்தைக்குப் பாலூட்டும் பெண்ணைக் குறிக்கும் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அவள் பொறுப்பில் குழந்தை வளரும் அறை நர்சரி ஆயிற்று. செடிக்கன்றுகள் வளரும் இடத்துக்கும் பிற்பாடு அதே பெயர் ஏறியது. மருத்துவமனை நர்சும் அந்த வேரில் பிறந்தவரே. அவருக்குச் 'செவிலியர்' என்று தமிழில் பெயர் வைத்தவர்கள், சங்கப் பாடல்களின் வளர்ப்புத் தாயான செவிலியைக் கொண்டுவந்து, அந்தப் பழைய பொருளுக்கு வெகு அருகில் சென்றுவிட்டார்கள். ஜெர்மனியில் பிரெடரிக் புரோபெல் 1840இல் தம் பள்ளிக்குச் சூட்டிய 'கிண்டர்கார்ட்டன்' என்னும் பெயருக்கும் குழந்தைகளின் தோட்டம் என்பதே பொருள், நம் எல்.கே.ஜி.யில் ஒளிந்திருப்பது அதுதான்.

தமிழில் மழலையர் பள்ளி, இலங்கையில் முன்பள்ளி, செடிகளுக்கு நாற்றுப் பண்ணை என்று தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. ஆயினும் எனக்கு உவப்பானது உழவர் வாயில் வழங்கும் நாற்றங்கால். 'நாறுதல்' என்றால் இன்று முகம் சுளிக்கிறோம். ஆனால் பழந்தமிழில் அதற்கு மணத்தல் என்பதோடு முளைத்தல் என்ற பொருளும் உண்டு, நாற்று அந்த முளைத்தலிலிருந்து வந்தது. ஒரு ஹெக்டேர் நடவுக்கு ஏறத்தாழ 20 சென்ட் நாற்றங்கால் போதும். நெருக்கமாக விதைத்து வளர்த்த பயிரைப் பறித்து, முடி முடியாகக் கட்டி வயலுக்குக் கொண்டுபோவார்கள். நான்கு மாதப் பயிருக்கு நான்கு வார நாற்று என்பது பழைய கணக்கு. செம்மை நெல் சாகுபடி என்னும் புதிய முறையிலோ 14 நாள் நாற்றையே நடுகிறார்கள். வயது கடந்த நாற்று சரியாகப் பக்கத் தண்டுகள் விட்டுத் தூர் கட்டாது. வளர்ப்பதோடு, உரிய நாளில் பிடுங்கி அனுப்புவதையும் சேர்த்துச் சொல்கிற சொல் இது. நர்சரி என்னும்போது அந்த இரண்டாம் பாதி காதில் விழுவதில்லை.

ஆகவேதான், பிச்சாவரம் போன்ற, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகளை மீன்வளத்தின் நர்சரி என்று அறிவியலாளர் சொல்வதை நாற்றங்கால் என்றே பெயர்க்க விரும்புகிறேன். கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் அங்கே வேர்களுக்கிடையில் ஒதுங்கி, இரை தின்று, ஓரளவு வளர்ந்ததும் மறுபடியும் கடலுக்கே போய்விடுகின்றன.