பேராசிரியராக வந்து மாணவராக அமர்ந்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியை ஆன்டன் ரூபின்ஸ்டைன் 1862ஆம் ஆண்டில் தொடங்கினார். ரஷ்யாவில் இசையை முறையாகக் கற்பிக்க எழுந்த முதல் உயர்கல்வி நிலையம் அதுவே. 1865இல் இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி அங்கே படிப்பை முடித்து வெளியேறினார். அங்கு படித்துப் புகழ்பெற்றவர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இன்று நான் பேச விரும்புவது அங்கே பாடம் சொன்னவர்களைப் பற்றி, அவர்களிலும் குறிப்பாக ஒருவரைப் பற்றி.

1871இல் அந்தக் கல்லூரி விசித்திரமான நியமனம் ஒன்றைச் செய்தது. நிக்கொலாய் ரிம்ஸ்கி-கோர்சகோவ் என்ற 27 வயதுக் கடற்படை அதிகாரியை இசையமைப்புக்கும், ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவுக்கு இசை எழுதும் கலைக்கும் பேராசிரியராக அழைத்தது. பணியில் இருந்த அதிகாரி என்பதால் அவர் சீருடையிலேயே வகுப்புக்கு வந்தார். அவர் இயற்றிய சில படைப்புகள் அதற்குள் மேடையேறிப் பெயர் பெற்றிருந்தன. ஆனால் அவற்றையெல்லாம் காதின் துணையாலும் துணிச்சலாலும் எழுதியிருந்தாரே தவிர, இலக்கணம் கற்று எழுதவில்லை. பல மெட்டுகளை ஒரே நேரத்தில் தனித்தனியே நடக்கவிட்டு இணைக்கும் கவுன்டர்பாயிண்டில் தாம் ஒரு பயிற்சிகூடச் செய்ததில்லை என்றும், சில ஸ்வர இடைவெளிகளின் பெயர்கள்கூடத் தமக்குத் தெரியாது என்றும் பிற்காலத்தில் தன்வரலாற்றில் அவரே எழுதினார். இதை அவையடக்கம் என்று நினைத்துக் கடந்துவிடக் கூடாது. நிலைமை உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

வேறொருவராக இருந்தால், பதவியின் மிடுக்கில் குறையை மறைத்துக் காலத்தைக் கடத்தியிருக்கலாம். அப்படிக் கடத்தியவர்களை இசை கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நானும் பார்த்திருக்கிறேன். ரிம்ஸ்கி-கோர்சகோவ் பகலில் பாடம் நடத்திவிட்டு, அந்தப் பாடத்தைத் தாமே அடிப்படையிலிருந்து படிக்கத் தொடங்கினார். இயற்றுவதைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்து, பயிற்சி ஏடுகளை ஒரு தொடக்க மாணவனைப் போல நிரப்பினார். ஒரு சிறு மெட்டைக் குரலுக்குக் குரல் மாற்றித் தொடரவிடும் ஃபியூக் என்ற வடிவத்தில், 1875ஆம் ஆண்டுக் கோடை முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் குவித்து, அவற்றில் சிலவற்றைச் சைகோவ்ஸ்கியின் பார்வைக்கு அனுப்பினார். தகுதியில்லாமல் பேராசிரியராகச் சேர்க்கப்பட்ட தாம் விரைவிலேயே அந்தக் கல்லூரியின் சிறந்த மாணவர்களில் ஒருவரானதாக அவர் குறிப்பிடுவது இந்த ஆண்டுகளைப் பற்றித்தான். ஸ்வரங்களை ஒரே நேரத்தில் இணைத்து ஒலிக்கவிடும் ஹார்மனி பற்றிப் பின்னர் அவர் எழுதிய பாடநூலைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பயன்படுத்தினார்கள். எந்த இடத்தில் ஒரு மாணவன் தடுமாறுவான் என்பது, அதே இடத்தில் அண்மையில் தடுமாறிய அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும் அல்லவா?

அவரிடமும் பிழைகள் இருந்தன. வகுப்புக்கு வராத காரணத்தால் அனடோலி லியாதோவ் என்ற மாணவர் 1876இல் வெளியேற்றப்பட்டார். அந்த இளைஞர் திரும்பிவந்து கேட்டபோதும் ரிம்ஸ்கி-கோர்சகோவ் மனமிரங்கவில்லை. விதியைக் கட்டிக்கொண்டு அழுத அந்தப் பிடிவாதத்துக்காகப் பிறகு வருந்தி எழுதினார். லியாதோவ் 1878இல் மீண்டும் சேர்ந்து தேறி, அதே கல்லூரியில் ஆசிரியரும் ஆனார். 1905இல் கிளர்ந்தெழுந்த மாணவர்களின் பக்கம் நின்று பத்திரிகையில் வெளிப்படையாக எழுதியதற்காக ரிம்ஸ்கி-கோர்சகோவ் பதவிநீக்கம் செய்யப்பட்டபோது, அதைக் கண்டித்துப் பதவி துறந்தவர்களில் அந்த லியாதோவும் ஒருவர். அவரோடு விலகிய இசையமைப்பாளர் கிளாசுனோவ் அந்த ஆண்டின் இறுதியிலேயே கல்லூரியின் இயக்குநராகப் பொறுப்பேற்க, விலக்கப்பட்ட ஆசிரியரும் திரும்பிவந்தார்.

விதியை எங்கே வளைக்க வேண்டும் என்பதை அறிந்திருந்த இன்னொருவர் வயலின் ஆசிரியர் லியோபோல்ட் அவுவர். 1868 முதல் 1917 வரை அங்கே கற்பித்தவர். யாஷா ஹைஃபெட்ஸ் என்ற சிறுவன் அவருடைய வகுப்பில் சேர்ந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. அன்று ரஷ்யத் தலைநகராக இருந்த அந்த நகரில் யூதர்கள் குடியிருக்க அனுமதி வேண்டியிருந்தது; கல்லூரி மாணவன் என்பதால் சிறுவனுக்கு அது கிடைத்தது, பெற்றோருக்குக் கிடைக்கவில்லை. அதற்காக, தாமும் வயலின் வாசிக்கும் தந்தையையே மாணவராகச் சேர்த்துக்கொண்டார்கள். மகனோடு நகரத்தில் தங்குவதற்காக நடுவயது மனிதர் ஒருவர் வயலின் பெட்டியோடு மாணவர் வரிசையில் நின்ற அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் சிரிப்பும் வருகிறது, மனம் கனக்கவும் செய்கிறது.

கிளாசுனோவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 1919இல், பஞ்சமும் குளிரும் வாட்டிய காலத்தில், 13 வயதில் கல்லூரிக்கு வந்த, பின்னாளில் பெரும் இசையமைப்பாளரான ஷோஸ்டகோவிச்சின் இசை அவருடைய ரசனைக்கு ஒத்துவரவில்லை. ஆயினும் அந்தச் சிறுவனுக்கு உதவி கிடைக்க அவரே முன்னின்று முயன்றார்.

மறுபடியும் ரிம்ஸ்கி-கோர்சகோவிடம் வருகிறேன். 1902இல் இகோர் ஸ்டிராவின்ஸ்கி என்ற சட்ட மாணவர் ஆலோசனை கேட்டு வந்தபோது, கல்லூரியில் சேர வேண்டாம் என்று அறிவுரை சொன்னவர் அந்தக் கல்லூரிப் பேராசிரியரேதான். அடிப்படையை வேறொருவரிடம் கற்றுவரச் சொல்லி, பிறகு தம் வீட்டிலேயே பாடம் சொன்னார். 1908இல் ஆசிரியர் மறைந்ததும் ஸ்டிராவின்ஸ்கி ஒரு இரங்கல் இசையை எழுதினார். ஆர்கெஸ்ட்ராவின் தனி வாத்தியங்கள் ஒவ்வொன்றாக முன்வந்து, ஆசானின் சமாதியில் மலர்வளையம் வைப்பதுபோலத் தம் மெட்டை வைத்துவிட்டுச் செல்லும் அமைப்பு அது. 1909இல் ஒரே ஒருமுறை வாசிக்கப்பட்டு, பின்னர் காணாமற்போனது. அதன் முழுப் பிரதி தொலைந்துவிட்டதாக இயற்றியவரே எழுதினார். 2015இல் கல்லூரிக் கட்டடத்தைப் பழுதுபார்க்க நூலகத்தை ஒழித்தபோது, பழைய காகிதக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே எழுதப்பட்ட அதன் பிரதிகள் வெளிப்பட்டன. அவற்றைக் கொண்டு முழு வடிவத்தையும் மீட்டெடுத்து, 2016 டிசம்பரில், 107 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே நகரத்தில் மீண்டும் வாசித்தார்கள்.

வணக்கம்.