ஒலிப்பலகை இல்லாத பியானோ

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மெல்லிசை மேடைகளிலும் தேவாலயங்களிலும் ஸ்டேஜ் பியானோ, அதாவது மேடைக்கென்று செய்த மின்னணுப் பியானோ, வாசிக்கிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "வீட்டில் ஹெட்போனில் கேட்டால் அருமையாக இருக்கிறது, மேடையில் ஸ்பீக்கர் வழியாக வந்தால் தகர டப்பாவைத் தட்டுவது போல இருக்கிறது." அடுத்த கேள்வி, புதுக் கருவி வாங்கலாமா என்பது. பெரும்பாலும் வேண்டியதில்லை. சத்தம் போகிற வழியில் எங்கே மெலிகிறது என்று பார்த்தாலே போதும்.

நிஜப் பியானோவில் 88 கட்டைகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 230 கம்பிகள் இருக்கும். மேல் ஸ்தாயியில் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பி, அடி மந்திரத்தில் ஒன்றே ஒன்று. ஆனால் மெல்லிய கம்பியால் காற்றை அவ்வளவாக அசைக்க முடியாது. அறையை நிறைப்பது ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த ஒலிப்பலகைதான். அந்தப் பலகை ஸ்டேஜ் பியானோவில் கிடையாது. பல கருவிகளில் ஸ்பீக்கர்கூடக் கிடையாது. ஆகவே நாம் எந்தப் பெட்டியை இணைக்கிறோமோ அதுதான் அதற்கு ஒலிப்பலகை.

முதல் சந்தேகம் மோனோ மேல், அதாவது இடது, வலது ஒலிகளை ஒன்றாகக் கலந்து அனுப்புவதன் மேல், வர வேண்டும். இந்தக் கருவிகளுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு நல்ல பியானோவுக்கு அருகே இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்த ஸ்டீரியோ ஒலி. ஒரே கம்பியின் சத்தம் ஒரு மைக்குக்குச் சற்று முன்னால், இன்னொன்றுக்குச் சற்றுப் பின்னால் போய்ச் சேர்ந்திருக்கும். இடது, வலது இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும்போது அந்தக் கால வித்தியாசம்தான் அகலமாகத் தெரிகிறது. அதையே மிக்ஸரில் ஒன்றாகக் கலந்தால் சில அலைகள் ஒன்றையொன்று அடித்துவிடும். சோதிப்பது எளிது: நடு ஸ்தாயியில் கட்டைகளை ஒவ்வொன்றாக, ஒரே அழுத்தத்தில் வாசியுங்கள். முதலில் ஸ்டீரியோவில், பிறகு மோனோவில். மோனோவில் மட்டும் சில சுரங்கள் திடீரென்று சோர்ந்து போனால் திருடன் அகப்பட்டான்.

இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் இரண்டு கேபிள் போட்டு, மிக்ஸரில் ஒன்றை இடக்கோடியிலும் மற்றதை வலக்கோடியிலும் வைக்கச் சொல்லுங்கள். ஒரே ஸ்பீக்கர்தான் என்றால், மோனோவுக்கென்றே கொடுத்திருக்கும் பியானோ ஒலி உங்கள் கருவியில் இருக்கிறதா என்று தேடுங்கள். பல கருவிகளில் உண்டு, பட்டியலில் கடைசியில் யாரும் தொடாமல் கிடக்கும். அதுவும் இல்லையென்றால் இடது பக்கத்தை மட்டும் எடுக்கலாம். ஆனால் இடது ஜாக்கில் மட்டும் கேபிள் செருகினால் பல கருவிகள் தாமாகவே இரண்டையும் கலந்துவிடும். வலது ஜாக்கிலும் சும்மா ஒரு கேபிளைச் செருகி வைத்தால்தான் இடது தனியாக வரும்.

அடுத்தது கை. மேடையில் தன் சத்தம் தனக்கே கேட்காதபோது யாரும் ஓங்கித்தான் அடிப்பார்கள். ஓங்கி அடித்தால் கருவி தன் பளீரென்ற, உலோகத்தனமான பதிவுகளையே எடுத்துக் கொடுக்கும். ரசிகர்களுக்குக் கேட்பது அந்தக் கூர்மை மட்டும்தான். வாசிக்கிறவர் பக்கம் திருப்பி வைத்திருக்கும் ஸ்பீக்கரை, அதாவது மானிட்டரை, கூட்டச் சொல்லுங்கள். அப்புறம் எவ்வளவு அழுத்தினால் எந்த ஒலி வரும் என்பதைத் தீர்மானிக்கும் டச் அமைப்பை மாற்றி, சாதாரணமாக வாசிக்கும்போது நடுத்தரப் பதிவுகள் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் செய்ய முடியாததை இது செய்யும் என்பது என் அபிப்பிராயம்.

பேஸ் குமிழைத் திருகுவதில் பெரிய பலன் இல்லை. பியானோவின் மிகத் தாழ்ந்த கட்டை 27.5 ஹெர்ட்ஸ். எட்டு அங்குல ஸ்பீக்கரிடம் அதைக் கேட்பது அநியாயம். நிறைவாகத் தோன்றுவது 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. அதற்குச் சற்று மேலே, 300, 400 பக்கம் சேறு போலக் கலங்கினால் கொஞ்சம் குறையுங்கள். கூட பேஸ் கிட்டார் வாசிக்கிறார் என்றால் இடது கையை அடக்கி வாசிப்பதே மேல்.

இப்போது ஒரு சோதனை. நடு 'சி' கட்டையைச் சத்தம் வராமல் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள 'சி'யைச் சட்டென்று அடித்து விடுங்கள். நிஜப் பியானோவில், நீங்கள் அடிக்காத நடு 'சி' லேசாகப் பாடிக்கொண்டிருக்கும். சத்தத்தை அடக்கும் டேம்பர் கட்டை விலகிய கம்பி தன் சுரத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. உங்கள் கருவியில் இது கேட்கவில்லையென்றால் மெனுவில் 'ஸ்ட்ரிங் ரெசொனன்ஸ்', 'டேம்பர் ரெசொனன்ஸ்' என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். பெடலை மிதிக்கும்போது நமக்குத் தெரியாமலே நாம் எதிர்பார்ப்பது இந்த முனகலைத்தான்.

பெடல் என்றதும் ஒன்று. பெட்டியோடு இலவசமாக வரும் சதுரப் பெடல் பெரும்பாலும் வெறும் சுவிட்ச்: உண்டு, இல்லை, அவ்வளவுதான். பாதி மிதிப்பதை உணரும் பெடல் தனியாகக் கிடைக்கிறது. உங்கள் கருவி அதை ஏற்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் வாசிக்கிறவர்கள் ஸ்பீக்கரை முகத்துக்கு நேரே வைக்காமல் கருவிக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துப் பாருங்கள். ஒலிப்பலகை இரண்டு பக்கமும் ஒலிப்பது, அதனால் நிஜப் பியானோவில் சத்தத்தின் ஒரு பகுதி சுவரிலும் தரையிலும் பட்டுத்தான் நம்மிடம் வருகிறது. அறையின் எதிரொலியைச் சேர்க்கும் ரிவெர்பில் 'ஹால்' வேண்டாம், 'ரூம்' போதும்.

இதெல்லாம் செய்த பிறகும் கருவியின் ஒலியே பிடிக்கவில்லை என்றால், லேப்டாப்பில் மென்பொருள் பியானோ போடலாம். 2006ல் வந்த பியானோடெக் பதிவுகளை நம்பாமல் கம்பி, சுத்தி, பலகை எல்லாவற்றையும் கணக்குப் போட்டே ஒலியை உண்டாக்குகிறது. ஆனால் அதையும் ஒற்றை ஸ்பீக்கரில் விடுவதானால், மோனோ சோதனையை அதற்கும் ஒரு தடவை செய்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.