ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுங்கள்

(டிரெய்லர் உரிமையாளர் சங்கமொன்றின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, மடக்கு நாற்காலியை வீட்டிலிருந்தே கொண்டுவந்து முன்வரிசையைப் பிடித்திருக்கும் மூத்த உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

விருந்தினர்கள் சிலர் வந்திருப்பதால் முதலில் ஒரு விளக்கம். கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும். நம்முடையது அது இல்லை. இதற்கு எஞ்சின் கிடையாது. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகிற சின்ன வீடு; டிரெய்லர் என்றும் சொல்வோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே.

இளைஞர்களைச் சங்கத்துக்குள் கொண்டுவருவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். இதே தலைப்பில் இந்த மேடையில் எத்தனை பேச்சு கேட்டிருக்கிறேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் பேசியவருக்கும் கேட்டவர்களுக்கும் ஒரு வயது கூடியதுதான் மிச்சம்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போனை விட்டால் வேறெதுவும் தெரியாது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது நம் வழக்கம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. எந்த முகாம் மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பழைய வேனைத் தங்கள் கையாலேயே வீடாக மாற்றிக்கொண்டு வருகிறார்கள். மரத்தடியில் மடிக்கணினியை வைத்து அலுவலக வேலை பார்க்கிறார்கள். கைக்குழந்தையோடு வருகிறார்கள். ஆள் இல்லாமல் இல்லை. நம் பந்தலுக்குள் வருவதில்லை, அவ்வளவுதான்.

போன பருவத்தின் கடைசி முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள். வெள்ளிக்கிழமை மாலை, வெளிச்சம் மங்கும் நேரம். ஓர் இளம் தம்பதி வந்தார்கள். பின்னால் முட்டை வடிவத்தில் பழைய ஃபைபர் கிளாஸ் டிரெய்லர். அவர்களே தேய்த்து வர்ணம் பூசியது. அந்தப் பெண்தான் ஓட்டினாள். இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த இடத்தில் ரிவர்ஸ் எடுத்து விட வேண்டும்.

உடனே நாம் ஆறு பேர் எழுந்து போய் நின்றோம். "லெஃப்ட்ல ஒடி" என்றார் ஒருவர். "ரைட்டு, ரைட்டு" என்றார் இன்னொருவர். ஒருவர் கைத்தடியால் டிரெய்லரின் முதுகில் தட்டிக்கொண்டே வந்தார். இரண்டே நிமிடத்தில் காரும் வண்டியும் 'ட' எழுத்துப் போல மடங்கி நின்றன. அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போது நம் மூத்த உறுப்பினர் ஒரு அம்மா எழுந்து வந்தார். முதலில் எங்கள் ஆறு பேரையும் வாயை மூடச் சொன்னார். பிறகு கார் ஜன்னலில் குனிந்து, "ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிம்மா. வண்டியோட பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்து. கொஞ்சமா நகர்த்து. கோணிச்சுன்னா வெட்கப்படாம முன்னால எடுத்துட்டு மறுபடி ஆரம்பி" என்றார். மூன்றாவது தடவையில் வண்டி கோடு போட்டது மாதிரி உள்ளே போய் நின்றது. அந்தப் பெண் இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நாம் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தோம். நான் உறுப்பினர் படிவத்தை நீட்டினேன். "அடுத்த முகாம் எப்போ அங்கிள்?" என்று கேட்டாள். "செவ்வாயிலிருந்து வெள்ளி வரை" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் படிவத்தை நான்காக மடித்தாள். வேலைக்குப் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை எப்படி வருவார்கள்? நமக்கு ஓய்வூதியம் வருகிறது, எல்லா நாளும் ஞாயிறு. நம் நாட்காட்டிதான் அவளைத் திருப்பி அனுப்பியது.

ஆனால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. சின்னமும் தொப்பியும் சந்தா ரசீதும் அவளுக்குத் தேவைப்படவில்லை. அந்தப் பத்து நிமிடக் கைவித்தை தேவைப்பட்டது. நம்மிடம் கொட்டிக் கிடப்பதும் அதுதான். ஆனால் நாம் விற்பது சந்தாவை.

டயர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட நின்ற இடத்திலேயே வயதாகிச் சாவதுதான் அதிகம். பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேல்வரிகள்) புதிதாகத் தெரியும், உள்ளே ரப்பர் செத்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கிறதே, 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய வண்டி வாங்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சாமான்களைப் பின்பக்கமே அடுக்கினால் கொக்கியில் எடை குறைந்து, வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். அப்போது கார் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்ல எடுத்து, டிரெய்லர் பிரேக்கைக் கையால் போடும் வசதி இருந்தால் அதைப் போட வேண்டும். கழிவுத் தொட்டியைக் காலி செய்யும்போது கக்கூஸ் தொட்டியை முதலில் திறந்து, பாத்திரம் கழுவிய தண்ணீரை அடுத்துத் திறந்தால், குழாய் தானே அலசிக்கொள்ளும். (முன்வரிசையில் முகம் சுளிக்க வேண்டாம், உங்களிடம் கற்றதுதான்.) இதெல்லாம் வீடியோவில் கிடைக்கும் என்பீர்கள். கிடைக்கும்தான். வீடியோ ஜன்னலில் குனிந்து "கொஞ்சமா" என்று சொல்லாது.

வயதுதான் குறை என்று யாரும் மனம் ஒடிய வேண்டாம். அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்களைச் செய்த வாலி பையம் (Wally Byam) 1896-இல் பிறந்தவர். அவர் பெயரிலான கேரவன் சங்கம் 1955-இல் கனடாவின் கென்ட்வில்லில் தொடங்கியது. 1959-இல் 41 டிரெய்லர்களோடு கேப் டவுனிலிருந்து கெய்ரோ நோக்கிப் புறப்பட்டபோது அவருக்கு வயது 63. இந்த அரங்கில் 63 வயது என்றால் இளைஞர் அணி!

இன்னொரு சங்கத்தின் கதை எனக்கு அதைவிட முக்கியம். 1919-இல் அமெரிக்காவின் டாம்பாவில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கம் தொடங்கியது. கார் ரேடியேட்டர் மூடியில் தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது அவர்களின் அடையாளம். ஓஹோவென்று வளர்ந்தது, பிறகு தேய்ந்து மறைந்தே போனது. 1998-இல் அதை மீண்டும் எழுப்பியவர்கள் பழைய டிரெய்லர்கள் மேல் பித்துப் பிடித்தவர்கள். எந்தக் கம்பெனி வண்டியானாலும் வரலாம் என்று கதவைத் திறந்தார்கள். பழைய வண்டிதான் செத்த சங்கத்துக்கு உயிர் கொடுத்தது என்பதைக் கவனியுங்கள்.

பழைய வண்டிக்கு நம்மிடமா பஞ்சம்? இழுத்துப்போக முடியாத வயதுக்கு வந்துவிட்ட உறுப்பினர்கள் எத்தனை பேர்! அவர்கள் வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய்க்கு அடியில் வண்டி மட்கிக்கொண்டிருக்கிறது. கூரை இணைப்பின் பசை வெடித்து, மழைநீர் இறங்கி, கதவருகே கால் வைத்தால் தரை அமுங்குகிறது. விற்க மனசு வரவில்லை. விற்றாலும் யாரிடம் போய்ச் சேருமோ என்ற கவலை. இன்னொரு பக்கம், புது வண்டியின் விலையைக் கேட்டுவிட்டு அமைதியாகத் திரும்பிப்போகும் பிள்ளைகள். இந்த இருவரையும் சேர்த்துவைப்பதைவிடச் சங்கத்துக்கு வேறென்ன வேலை? பணத்தைத் தவணையில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியோடு அதன் பழைய சொந்தக்காரரையும் ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள், எந்தத் திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குத்தானே தெரியும்.

விதிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வேன், கூடாரம், வாடகை வண்டி எது வந்தாலும் உள்ளே விடுங்கள். சென்ற கூட்டத்தின் மினிட்ஸை ஒலிபெருக்கியில் வாசிப்பதை நிறுத்துங்கள். வாசிப்பவரே தூங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகச் சொல்வது கொஞ்சம் கசக்கும். இளைஞர் ஒருவரைச் செயற்குழுவில் சேர்த்து, நாற்காலி அடுக்கவும் படம் எடுக்கவும் சொல்வது பங்கு கொடுப்பது ஆகாது. அடுத்த ஆண்டு இரண்டு முகாம்களின் தேதி, இடம், செலவுப் பணம் மூன்றையும் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். சொதப்புவார்கள். நாமும் ஒரு முறை எழுபது வண்டிகளைத் தண்ணீர் இணைப்பே இல்லாத மைதானத்துக்கு வரவழைத்தவர்கள்தான். பொருளாளர் மறந்திருக்க மாட்டார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாளை காலை ஏழு மணிக்குப் பின்பக்க மைதானத்தில் கூம்புகளை அடுக்கி வைக்கிறேன். அந்த முட்டை வண்டிப் பெண் தன் தோழிகள் நான்கு பேரோடு வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள். ஜன்னலில் குனிந்து சொல்லிக்கொடுக்க மூன்று பேர் வேண்டும். வெளியே நின்று கத்துகிறவர்கள் தயவுசெய்து எட்டு மணிக்கு மேல் வாருங்கள்.