கோழி செத்தால் முதலில் கேட்க வேண்டியது

வணக்கம் நேயர்களே. கால்நடைத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி என்று எந்தப் பக்கம் போனாலும் சனம் என்னை மறித்துக் கேட்பது இதைத்தான்: "சேர், நேற்றுப் பின்னேரம்வரை நல்லா மேய்ஞ்ச கோழி, விடியப் பார்த்தால் செத்துக் கிடக்கு. என்ன மருந்து கொடுக்கலாம்?"

மருந்து பிறகு. நான் முதலில் கேட்பது வேறு. போன இரண்டு கிழமைக்குள் உங்கள் வளவில் என்ன மாறியது? கோழி வளர்க்கிற எல்லாரும் இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் போகிறேன்.

ஏன் இரண்டு கிழமை? ராணிக்கெட் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு இழுக்கும், சில கோழிகளுக்குக் கழுத்து திருகும். தடுப்பு மருந்து போடாத கூடு என்றால் மொத்தமும் காலியாகலாம். அந்தக் கிருமி உடம்புக்குள் போய் நோய் வெளியே தெரிய, பெரும்பாலும் ஐந்தாறு நாட்கள் ஆகும். சில வேளை இரண்டே நாளில் தெரியும், சில வேளை 15 நாட்கள் இழுக்கும். ஆகவே நேற்று என்ன நடந்தது என்று மட்டும் யோசித்தால் பிடிபடாது. போன கிழமைக்கு முதல் கிழமை சந்தையில் வாங்கி வந்த அந்தச் சிவப்புப் பேடு ஞாபகம் வரவேண்டும். மச்சான் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போன சேவல் ஞாபகம் வரவேண்டும்.

செத்த நேரமும் ஒரு தடயம். ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு சாகிறதா? கொழுத்த கோழிதான் முதலில் போகிறதா? வெக்கையை முதலில் சந்தேகியுங்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். தகரக் கூரை, நிழலில்லாத கூடு, வற்றிப்போன தண்ணீர்ச் சட்டி, இவ்வளவும் போதும். அதுவே, நல்ல சதைப்பிடிப்பான பெரிய கோழிகள் இரவில் ஏறிப் படுக்கிற தடிக்குக் கீழே விழுந்து, கொண்டை நீலம் பாரித்துக் கிடந்தால், கோழிக் கொலராவாக இருக்கலாம். மாரி மழை பிடித்து, கூட்டுத்தரை ஈரமாகி, மூன்று முதல் ஆறு கிழமைக் குஞ்சுகள் எச்சத்தில் இரத்தம் போய்ச் செத்தால் இரத்தக் கழிச்சலை நினைக்க வேண்டும். அங்கே மாறியது தரையின் ஈரம்.

இந்தக் கேள்வியில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்று கேட்டால், ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். கேட்டிருப்பவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இது சலிக்காத கதை.

நம்முடைய திருகோணமலைக் கோட்டையில் இருந்துவிட்டுப் போன ஒல்லாந்தர்தான் அப்போது யாவாவையும் ஆண்டுகொண்டிருந்தார்கள். அங்கே பட்டாளத்தில் பெரிபெரி என்ற நோய். கால் விளங்காமல் போய்ச் சாவார்கள். கிறிஸ்தியான் ஐக்மன் என்ற மருத்துவர் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், ஓர் இராணுவ மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் அந்த நோயின் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்குக் கோழிகளை வைத்திருந்தார். 1889இல் அந்தக் கோழிகள் தள்ளாடத் தொடங்கின. தடியில் நிற்க முடியாமல் விழுந்தன, செத்தன. நோயாளியின் இரத்தம் ஏற்றிய கோழிக்கு வந்தால் சரி, கிருமிதான் என்று சொல்லிவிடலாம். ஒன்றுமே ஏற்றாத கோழிக்கும் வந்தது! தொற்றாக இருக்கும் என்று தனியாகப் பிரித்து வைத்தார். அப்போதும் வந்தது. மனிதர் குழம்பிப்போனார்.

பிறகு ஒரு நாள் நோய் தானாகவே நின்றது. புதிதாக எந்தக் கோழியும் விழவில்லை, விழுந்தவையும் எழும்பின. மற்றவராக இருந்தால் "அப்பாடா" என்று விட்டிருப்பார். ஐக்மன் விடவில்லை. என்ன மாறியது என்று விசாரித்தார். விசாரணை போய் முடிந்த இடம் குசினி. இடையில் சில மாதங்கள், கோழிகளுக்கு மருத்துவமனைக் குசினியில் மிஞ்சின தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு போடப்பட்டிருக்கிறது. பிறகு சமையற்காரர் மாறினார். புதிதாக வந்தவர், பட்டாளத்து அரிசியை இந்தக் கோழிகளுக்கெல்லாம் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். பழையபடி தீட்டாத அரிசிக்குப் போனதும் கோழிகள் தேறின. தீட்டும்போது கழிந்துபோகிற தவிட்டுக்குள் ஏதோ இருக்கிறது என்பது பின்னால் தெரியவந்தது. இன்றைக்கு அதை விற்றமின் பி1 என்கிறோம். 1929இல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஐக்மனும் ஒருவர். யோசித்துப் பாருங்கள், அந்தச் சமையற்காரர் மாறினதை யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால்?

சரி, நம்முடைய ஊருக்கு வருவோம். குச்சவெளிப் பக்கம் கடற்கரையை அண்டிய ஒரு வீடு. ஒரே நாளில் அரைவாசிப் பேடுகள் போய்விட்டன. அந்தத் தங்கச்சி அழுதழுது சொன்னது, "பக்கத்து வீட்டில்தான் அரிசியில் மருந்து வைத்திருக்கினம்." இரண்டு வீட்டுக்கும் ஏற்கெனவே வேலிச் சண்டை. உயிரோடு மிஞ்சின கோழிகளைப் பார்த்தேன். நீர் நீராகக் கழிந்துகொண்டு, தண்ணீரைத் தேடி ஓடின. என்ன மாறியது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றா. அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள். விடாமல் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். தீன் மாறியதா? இல்லை. புதுக் கோழி? இல்லை. வீட்டில் புதிதாக என்ன வேலை நடக்கிறது? அப்போதுதான் வந்தது. கரையில் நடந்த கருவாட்டு வேலையை அந்தக் கிழமைதான் வளவுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். உப்புத்தொட்டித் தண்ணீரைக் கோடியில் ஊற்றியிருக்கிறார்கள். காய்ந்த உப்பையும் மீன் கழிவையும் கோழிகள் கொத்தியிருக்கின்றன. குடிநீர்ச் சட்டியோ வெறும் சட்டி. கோழிக்கு உப்பு மிஞ்சினால் நஞ்சு, அதுவும் குடிக்கத் தண்ணீர் இல்லாவிட்டால் கடும் நஞ்சு. பக்கத்து வீட்டுக்காரர் பாவம், அவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

பொலிஸ்வரை போக இருந்த சங்கதி. கோழிச் சாவால் உறவு முறிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நஞ்சு என்ற வார்த்தையை எடுக்க முதல், என்ன மாறியது என்று எழுதிப் பாருங்கள். புதுத் தீன், பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு, வயலுக்கு அடித்த மருந்து, வந்து போன ஆட்கள், மழை, வெக்கை. பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதினால் போதும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அங்கால் தம்பி கை காட்டுகிறார். செத்த கோழியை என்ன செய்வது என்று விளக்கமாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். வெறுங்கையால் தொடாதீர்கள், நீங்களாக வெட்டிப் பார்க்காதீர்கள். நம்முடைய வெயிலில் சில மணித்தியாலத்தில் அழுகிவிடும், பிறகு பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு பொலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்த பெட்டியில் போடுங்கள். உறைய வைக்க வேண்டாம். உங்கள் பிரிவுக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு முதலில் ஒரு போன் எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள், அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு. தேவைப்பட்டால் அவர்கள் கன்னொறுவையில் உள்ள கால்நடை வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். ஒன்றிரண்டு நாளுக்குள் நிறையச் செத்தால் தாமதிக்காமல் அறிவியுங்கள், பறவைக் காய்ச்சல் இல்லை என்று நிச்சயப்படுத்த வேண்டும். மிஞ்சினதை விற்கவும் கூடாது, கறி வைக்கவும் கூடாது. மற்ற உடல்களை ஆழக் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பற்றைக்குள் எறிந்தால் புழு வைக்கும், அந்தப் புழுவைத் தின்ற கோழி கழுத்துத் துவண்டு சாகும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தடுப்பு மருந்து பற்றி, ஒரு குப்பியில் நிறையக் கோழிக்குப் போதுமான மருந்து இருக்கும், அயலவர்கள் நாலைந்து வீடு சேர்ந்து கேட்டால் ஒரே நாளில் போட்டு முடிக்கலாம். மிச்சம் அலுவலகத்தில் கேளுங்கள். வணக்கம்.