ஒரே நெருப்பு, ஒரே தண்ணீர்: ஆணி வளைகிறது, அரம் ஏன் உடைகிறது?

[காட்சி: மேசைமேல் ஒரு ஆணி, பக்கத்தில் ஒரு பழைய அரம்]

இரண்டும் இரும்புதான். இரண்டையும் செக்கச்சிவக்கக் காய்ச்சி, அதே சூட்டோடு தண்ணீரில் போட்டு எடுக்கிறோம். இப்போது சுத்தியால் ஆணியை ஒரு தட்டு. வளைந்துவிட்டது. அரத்தை ஒரு தட்டு. படீர்! இரண்டு துண்டு.

தயவுசெய்து இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். தெறிக்கிற துண்டு கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்.

இவ்வளவு வித்தியாசத்துக்கும் காரணம் கார்பன். ஆணியில் 100 கிராமுக்கு 0.1 கிராம் அளவில் இருக்கும். அரத்தில் அதே 100 கிராமுக்கு 1 கிராமைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த ஒரு கிராம் உள்ளே என்ன செய்கிறது என்பதுதான் இன்றைய வீடியோ.

[காட்சி: அணுக்களின் அனிமேஷன்]

பின்னணியை வேகமாக முடித்துவிடுவோம். சாதாரண வெப்பத்தில் இரும்பு அணுக்கள் அடுக்கியிருக்கிற முறைக்கு ஃபெரைட் என்று பெயர். அதில் கார்பனுக்கு இடமே இல்லை. 727 டிகிரி செல்சியஸில்கூட 0.02 சதவீதம்தான் கரையும். இன்னும் சூடேற்றினால் அணுக்கள் இடம் மாறி ஆஸ்டினைட் ஆகும். இதில் 2.1 சதவீதம் வரைக்கும் கார்பன் கரையும். அந்த அளவு வரை கார்பன் சேர்ந்த இரும்புதான் எஃகு. அதையும் தாண்டினால் அது எஃகு இல்லை, வார்ப்பிரும்பு. பின்னணி அவ்வளவுதான்.

சரி, காய்ச்சின எஃகை மெதுவாக ஆறவிட்டால்? ஆஸ்டினைட் மறுபடி ஃபெரைட் ஆகிறது, கார்பனுக்கு இடம் போய்விடுகிறது. வெளியே தள்ளப்பட்ட கார்பன், மூன்று இரும்பு அணுவுக்கு ஒரு கார்பன் அணு என்ற கணக்கில் சேர்ந்து சிமென்டைட் ஆகிறது. கடினமான, ஆனால் சட்டென்று உடையக்கூடிய பொருள். இந்தச் சிமென்டைட்டும் மென்மையான ஃபெரைட்டும் மாறி மாறி மெல்லிய அடுக்குகளாக வளரும். அதுதான் பியர்லைட். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படி நூற்றுக்கணக்கான அடுக்குகள் இருக்கும்! 1860-களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹென்றி கிளிஃப்டன் சார்பி என்பவர் எஃகை வழவழவென்று தேய்த்து, அமிலத்தால் லேசாக அரித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். எஃகுக்கு உள்ளே ஒரு உலகம் இருப்பது அங்கேதான் தெரிய ஆரம்பித்தது.

ஜன்னல் கிரில் செய்கிற எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டையில் கார்பன் 0.2 சதவீதம் அளவில் இருக்கும். கால்வாசிதான் பியர்லைட், மீதி ஃபெரைட். அதனால்தான் அதைச் சுருள் சுருளாக வளைக்க முடிகிறது. ரயில் தண்டவாளத்தில் 0.6 முதல் 0.8 வரை. பெரும்பகுதி பியர்லைட், அதனால் சக்கரம் எத்தனை தடவை ஓடினாலும் சீக்கிரம் தேயாது.

[காட்சி: உலை, துருத்தி, சிவந்த அரிவாள்]

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறோம். மெதுவாக ஆறவிடாமல் டக்கென்று தண்ணீரில் முக்கினால்?

வெளியேற கார்பனுக்கு நேரமே கிடைக்காது. இரும்பு அணுக்கள் இடம் மாறத் துடிக்கின்றன, கார்பன் நடுவில் மாட்டிக்கொள்கிறது. டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆள் நுழைந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒருவராலும் அசைய முடியாது. அதேதான் இங்கேயும். இரும்பு அணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் உலோகம் வளையும். வழுக்க வழியில்லை என்றால் வளையாது, உடையும். இந்த நிலைக்கு மார்டென்சைட் என்று பெயர். மாற்றம் நடக்கிற வேகம் இருக்கிறதே, இரும்புக்குள் ஒலி ஓடுகிற வேகத்தையே நெருங்கும்! அரம் உடைந்ததற்குக் காரணம் இதுதான். ஆணியில் மாட்டிக்கொள்ளப் போதுமான கார்பனே இல்லை, அது தப்பித்துவிட்டது.

அப்படியானால் அரிவாள் ஏன் முதல் வெட்டிலேயே உடைவதில்லை? கொல்லுப்பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாள், கார்பன் 0.5, 0.6 சதவீதம். தோய்ச்சல் போடும்போது கொல்லர் வாய்ப்பகுதியை, அதாவது வெட்டும் விளிம்பை, மட்டும் தண்ணீரில் முக்கி எடுப்பார். உடனே அந்த இடத்தைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, கண் இமைக்காமல் பார்ப்பார். முதுகில் மிச்சமிருக்கிற சூடு மெல்ல வாய்க்கு இறங்கும். பளபளப்பின்மேல் வைக்கோல் மஞ்சள் படரும், அது பழுப்பாகும், அப்புறம் ஊதா, கடைசியில் நீலம். மஞ்சள் என்றால் சுமார் 230 டிகிரி, நீலம் என்றால் 300-ஐ ஒட்டி. தனக்கு வேண்டிய நிறம் வந்த நொடியில் முழுசாக முக்கிவிடுவார்.

அந்தச் சூட்டில் மாட்டியிருந்த கார்பனில் ஒரு பங்கு மிக நுண்ணிய துகள்களாக வெளியே வருகிறது, இறுக்கம் தளர்கிறது. கடினம் கொஞ்சம் குறையும், அடி தாங்கும் உறுதி நிறையக் கூடும். தெர்மாமீட்டர் இல்லாமல், நிறத்தை மட்டும் வைத்து உலோகத்தின் உள்ளமைப்பையே அந்த மனிதர் கட்டுப்படுத்துகிறார். என்னைக் கேட்டால், மெட்டலர்ஜி (உலோகவியல்) படிக்கிற ஒவ்வொரு மாணவரையும் முதல் வாரமே ஒரு கொல்லுப்பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

[காட்சி: வெல்டிங் பொறி]

கடைசியாக, உங்களுக்கு நேரடியாக உதவுகிற ஒரு விஷயம். உடைந்த ஸ்பிரிங் பட்டையை வெல்டு வைத்து ஒட்டலாமா? வேண்டாம். வெல்டு நன்றாகவே பிடித்திருக்கும், ஆனால் அதற்குப் பக்கத்தில் உடையும். பற்றவைத்த இடத்தை ஒட்டிய பகுதி சிவக்கக் காய்கிறது, சுற்றியிருக்கிற குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உடனே உறிஞ்சிவிடுகிறது. தண்ணீரே இல்லாமல் அங்கே மார்டென்சைட் உருவாகிவிடும். எம்.எஸ். பட்டையில் கார்பன் குறைவு, அதனால் இந்தத் தொல்லை அநேகமாக வராது.

உங்கள் ஊர்ப் பட்டறையில் எந்த நிறம் வரும்போது முக்குகிறார்கள் என்று கேட்டு, கமெண்டில் எழுதுங்கள். அரிவாளுக்கா, உளிக்கா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இரண்டுக்கும் நிறம் வேறாக இருக்கலாம்.